விலாச மாற்றமும் அங்கத்தினர் உரிமையும்

நமது பகுதியில் ஏதேனும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அலமாரியைத் திறந்து பார்த்தால், அதன் அடித்தட்டில் நூற்கயிற்றால் கட்டிய கடிதக் கட்டு ஒன்று கிடப்பதைப் பெரும்பாலும் காணலாம். அக்கட்டிலுள்ள உறைகள் பிரிக்கப்படாதவை. ஒவ்வோர் உறையின் மீதும், 'விலாசதாரர் வீடு மாறிவிட்டார்', 'கதவு பூட்டியுள்ளது', 'இப்பெயருடையார் இவ்விலாசத்தில் இல்லை' என்று தபால்காரர் எழுதிக் கையொப்பமிட்டிருப்பார். சங்கம் தன் காசைச் செலவிட்டு அங்கத்தினருக்கு அனுப்பிய கடிதம் சங்கத்திற்கே திரும்பி வந்து உறங்குகின்றது. ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் ரொக்கப் புத்தகத்தைப் பார்த்து முடித்தவுடன் நான் கேட்பது இந்தக் கட்டையே. அங்கத்தினருக்கும் சங்கத்திற்குமுள்ள உறவு எந்நிலையில் இருக்கின்றது என்பதை ஐந்தொகையைக் காட்டிலும் இக்கட்டின் கனம் தெளிவாகக் காட்டிவிடுகின்றது.

அவ்வுறைகளுக்குள் இருப்பவை யாவை? பொதுமகாசபைக் கூட்ட அறிவிப்பு. பங்காதாயத்தைப் பெற்றுச் செல்லுமாறு எழுதிய கடிதம். நெசவாளரின் கூலியில் பிடித்த சேமிப்பிற்கான இருப்புச் சீட்டு. தவணை தப்பிய கடனுக்கான நோட்டீஸ். ஜாமீன் கையெழுத்திட்டவருக்கு எழுதிய எச்சரிக்கை. அடகு வைத்த நகையை ஏலம் விடப்போவதாக முன்னறிவிப்பு. இவற்றுள் முதலிரண்டும் சேராதொழியின் சிறிய நஷ்டமே. பின்னவை சேராதொழியின் வீடும் நகையும் போகும்.

ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றேன். ஊரும் பெயரும் வேண்டா. சிறு நிலமுடைய ஒரு பெரியவர், பக்கத்து நிலத்துக்காரர் பெற்ற பயிர்க்கடனுக்கு ஜாமீன் நின்றார். மறு ஆண்டு மனைவி காலமானபின், தம் வீட்டைப் பூட்டிக்கொண்டு தென்காசியிலுள்ள மகள் வீட்டில் போய்த் தங்கினார். கடன் வாங்கியவர் தவணை தவறினார். சங்கம் இருவருக்கும் நோட்டீஸ் அனுப்பிற்று. பெரியவருக்குச் சென்றது திரும்பி வந்தது. பின்னர் 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி வழக்குத் தாக்கலாயிற்று. அந்த நோட்டீசும் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிற்று. அவர் வாராமையால் ஒருதலையாகத் தீர்ப்பாயிற்று. ஜப்தி நடவடிக்கை தொடங்கிய பிறகு, ஊரிலுள்ள உறவினர் ஒருவர் வாய்மொழியாகச் சொல்லித்தான் அவர் இதனை அறிந்தார். அசலுக்கு மேல் வட்டியும் செலவும் ஏறியிருந்தன. மேல்முறையீடு செய்வதற்குரிய நாட்களும் கழிந்திருந்தன.

அவர் சங்கத்திற்கு வந்த அன்று நான் அங்கிருந்தேன். காரியதரிசி கட்டை எடுத்து மேசைமேல் வைத்து, "அண்ணாச்சி, மூணு கடிதம் போட்டோம். மூணும் திரும்பி வந்துட்டு. நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார். பெரியவர் உறைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திரும்பி வந்த கடுதாசியைப் பார்த்து, ஆளு எங்க போயிட்டாருன்னு தெருவுல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா தம்பி" என்று மட்டும் சொன்னார். மகள் வீடு சங்கத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் இல்லை.

சட்டம் காரியதரிசியின் பக்கம் இருந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். முறையாக விலாசமிட்டு, கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் விட்ட கடிதம், மாறாக மெய்ப்பிக்கப்பட்டாலன்றி, உரியவரைச் சேர்ந்துவிட்டதாகவே கொள்ளப்படும் என்பது 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாசஸ் சட்டத்தின் 27ஆம் பிரிவு. காசோலை வழக்கொன்றில் 2007இல் உச்ச நீதிமன்றமும் இந்த அனுமானத்தை வலியுறுத்தியுள்ளது. வீடு பூட்டியிருந்தது என்னும் குறிப்போடு திரும்பிய கடிதத்தையும் நீதிமன்றங்கள் சேர்ந்த கடிதமாகவே மதித்துள்ளன. 'எனக்குக் கிடைக்கவில்லை' என்று மெய்ப்பிக்கும் பாரம் பெறுநர் தலைமேல் விழுகின்றது. தாம் கொடுத்த விலாசத்தை மாற்றும்படி சங்கத்திற்கு எழுதாத ஒருவர் அப்பாரத்தை எவ்வாறு இறக்கி வைப்பார்? பதிவேட்டிலுள்ள விலாசமே முறையான விலாசம் என்று எதிர்த்தரப்பார் வாதிப்பர்.

இதனினும் கவனிக்கத்தக்க மாறுதல் ஒன்று அண்மையில் நிகழ்ந்துள்ளது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் என்னும் தனிச் சேவை விரைவுத் தபாலுடன், அதாவது ஸ்பீடு போஸ்டுடன், இணைக்கப்பட்டுவிட்டது. பழைய பதிவுத் தபால் விலாசதாரர் கையிலோ, அவர் எழுத்து மூலம் அதிகாரம் அளித்தவர் கையிலோதான் கொடுக்கப்படும். விரைவுத் தபாலோ விலாசத்தை நோக்கிச் செல்வது. அவ்வீட்டில் இருப்பவர் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாம். அனுப்புவோர் 'பதிவு' என்னும் வசதியைத் தனியே கேட்டுக் கூடுதல் கட்டணம் செலுத்தினால்தான் ஆளைப் பார்த்துக் கொடுக்கும் பழைய முறை கிட்டும். நீங்கள் காலி செய்து போன வீட்டிற்குப் புதிதாகக் குடிவந்தவர் உறையை வாங்கிச் சன்னல் திட்டில் வைத்துவிட்டாலும், தபாலாபீஸ் கணக்கில் 'பட்டுவாடா ஆயிற்று' என்றே இருக்கும். திரும்பி வரும் கடிதமாவது சங்கத்திற்கு ஒரு செய்தி சொல்லும். பிறர் கையில் தங்கிவிட்ட கடிதம் அதுவும் சொல்லாது. சங்கங்கள் வழக்கு நோட்டீசையும் ஏல நோட்டீசையும் 'பதிவு' வசதியோடு மட்டுமே அனுப்ப வேண்டும் என்பது என் கருத்து. சில ரூபாய் மிச்சம் பிடிப்பதற்கு இது இடமன்று.

வீடு மாறுவது நம்மவர்க்குப் புதிதன்று. தறியை நம்பியவரும் மழையை நம்பியவரும் ஓரிடத்தில் நிலைத்து வாழ முடிவதில்லை. கடையநல்லூர் நெசவாளர் குடும்பங்கள் பல, தறி வருமானம் குன்றிய சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், குடும்பம் குடும்பமாக மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறின. சிங்கப்பூரில் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தோற்றுவித்தவர்கள் கடையநல்லூர் மக்களே. இன்று நம் இளைஞர் திருப்பூருக்கும், மலைக்கு அப்பால் புனலூருக்கும் கொல்லத்திற்கும், வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றனர். அங்கத்தினர் பதிவேட்டிலோ அவர்கள் இன்னும் பழைய தெருவிலேயே குடியிருக்கின்றனர். அவர்கள் பெயரிலுள்ள பங்குத்தொகையும் சேமிப்பும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

நிற்க. தபாலாபீஸ் நமக்குச் செய்யக்கூடிய உதவி என்ன என்பதைப் பார்ப்போம். பழைய விலாசத்திற்கு வரும் கடிதங்களை மறுவிலாசமிட்டுப் புதிய இடத்திற்கு அனுப்பும் ஏற்பாடு தபால் இலாகாவில் நெடுங்காலமாக உண்டு. ஆயினும் இதனை அறிந்தோர் சிலர். அறிந்தும் பயன்படுத்துவோர் அவரினும் சிலர். அறிந்தவரிற் பலரும் ஒரு பிழை செய்கின்றனர். புதிய ஊரிலுள்ள தபாலாபீசுக்குச் சென்று, 'நான் இங்கு வந்துவிட்டேன். என் கடிதங்களை இங்கே கொடுங்கள்' என்கின்றனர். அவ்வலுவலகம் என்ன செய்யும்? கடிதம் வந்து இறங்குவது பழைய ஊரில். ஆகவே பழைய விலாசத்திற்குப் பட்டுவாடா செய்யும் தபாலாபீசின் போஸ்ட்மாஸ்டரிடமே, ஊரை விட்டுப் புறப்படுமுன் எழுதிக் கொடுக்க வேண்டும்.

எழுதும் முறை மிக எளிது. 'இன்ன தெருவில் இன்ன இலக்கமுள்ள வீட்டில் குடியிருந்து வந்த நானும், என் குடும்பத்தாராகிய இன்னின்னாரும், இன்ன தேதி முதல் கீழ்க்கண்ட விலாசத்தில் வசிக்கப் போகின்றோம். எங்கள் பெயருக்கு வரும் எல்லாவகைத் தபால்களையும் இன்ன தேதி வரையில் அவ்விலாசத்திற்கு அனுப்பக் கோருகின்றேன்' என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையொப்பமிடலாம். படிவம் கொடுத்தால் அதனை நிரப்பலாம். குடும்பத்தார் பெயரை ஒவ்வொன்றாகக் குறிப்பிடுதல் முக்கியம். கணவர் பெயரில் விண்ணப்பம் கொடுத்துவிட்டு, மனைவி பெயரில் வந்த மகளிர் குழுக் கடிதம் சேரவில்லை என்று தபால்காரரைக் குறைகூறுவதிற் பயனில்லை. புதிய விலாசத்தில் வீட்டு இலக்கம், தெரு, பட்டுவாடா செய்யும் தபாலாபீசின் பெயர், ஆறிலக்கப் பின்கோடு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். தேதியில்லாத விண்ணப்பத்தை எவரும் நினைவில் வைத்திரார். விண்ணப்பத்தின் நகலொன்றில் தபாலாபீஸ் முத்திரை பெற்று வைத்துக்கொள்வது நலம். பின்னாளில் வழக்கென்று வந்தால் அத்துண்டுக் காகிதம் பேசும்.

கிராமக் கிளைத் தபாலாபீசாயின் தபால்காரரிடம் நேரிற் சொல்லிவிட்டாற் போதாதா என்று கேட்பர். அவர் நல்லவராகவும் ஊரை அறிந்தவராகவும் இருப்பார், ஐயமில்லை. ஆனால் அவரும் மாற்றலாகிப் போவார், விடுப்பில் செல்வார். எழுத்தில் இருப்பது அலுவலகத்திற்குத் தெரியும். வாயிற் சொன்னது ஆளுக்கு மட்டும் தெரியும். பழைய வீட்டில் புதிதாகக் குடியேறியவரிடமும், 'எம் பெயருக்கு ஏதேனும் வந்தால் பிரிக்காமல், இந்த விலாசத்தை எழுதித் தபால்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்' என்று ஒரு சீட்டைக் கொடுத்து வருதல் தகும்.

ஆதார் அட்டையில் விலாசத்தை மாற்றிவிட்டோமே, எல்லாம் தாமே மாறிவிடும் என்று படித்தவர்களும் எண்ணுகின்றனர். அது தவறான எண்ணம். ஆதாரில் செய்த மாற்றம் சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டில் தானாக வந்து ஏறுவதில்லை; தபாலாபீசின் மறுவிலாச ஏட்டிலும் ஏறுவதில்லை. 2025 மே மாதத்தில் தபால் இலாகா 'டிஜிபின்' என்னும் பத்தெழுத்துக் குறியீட்டை அறிமுகம் செய்தது. நாட்டின் நிலப்பரப்பை ஏறத்தாழ 4 மீட்டருக்கு 4 மீட்டர் அளவுள்ள கட்டங்களாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் தரும் ஏற்பாடு அது. மெச்சத்தக்க முயற்சிதான். ஆனால் அது காட்டுவது இடத்தை. அவ்விடத்தை விட்டு எழுந்து போன ஆளையன்று.

குற்றாலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் சாரல் தொடங்கியதும், சுற்றுப்புற ஊர்களிலுள்ள நம் அங்கத்தினர் பலர் பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் பக்கத்தில் கடை போட்டு இரண்டு மூன்று மாதம் அங்கேயே தங்கிவிடுகின்றனர். மங்குஸ்தானும் ரம்புத்தானும் விற்பவர், துண்டும் வேட்டியும் விற்பவர், எண்ணெய் விற்பவர் என அவர்கள் பலவகையினர். இதே மாதங்களில்தான் சங்கத்திலிருந்து கடன் புதுப்பித்தல் பற்றியும் பயிர்க் காப்பீடு பற்றியும் கடிதங்கள் செல்வதுண்டு. மூன்று மாதத்திற்காக நிலையான விலாசத்தை மாற்ற வேண்டுவதில்லை. தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் குறித்து, தற்காலிகமாக மறுவிலாசமிடும்படி கேட்டாற் போதும். 'இன்னார் கடை, அருவிக்கரை' என்று மட்டும் எழுதினால் அந்த ஜனத்திரளில் எந்தத் தபால்காரரால் கண்டுபிடிக்க முடியும்? நிலையான கடையோ விடுதியோ வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவரின் பொறுப்பில் விலாசம் கொடுப்பதே உத்தமம்.

குற்றாலம் கடிதங்களுக்குப் பெயர்பெற்ற ஊருங்கூட. ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) தம் பிற்காலத்தை அங்கே கழித்தார். அவர் அன்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் நூலுருவிலும் வந்துள்ளன. அத்தகைய ஊருக்குச் செல்ல வேண்டிய கடிதம் வேறூருக்குப் போய்விடும் வேடிக்கையும் உண்டு. மயிலாடுதுறைப் பக்கம் குத்தாலம் என்றோர் ஊர் இருக்கின்றது. நம் குற்றாலத்தை ஆங்கிலத்தில் எழுதுவோர் ஆளுக்கொரு விதமாக எழுத்துக்களை அடுக்குவதால், சில வேளைகளில் அது குத்தாலமாகவே ஆகிவிடுகின்றது. இதற்குத் தக்க காப்பு பின்கோடு. குற்றாலத்தின் எண் 627802. குத்தாலத்தின் எண் 609801. தென்காசிக்கு 627811, செங்கோட்டைக்கு 627809. 1972 ஆகஸ்டு 15இல் இம்முறை வந்ததே, ஒரே பெயருடைய ஊர்களாலும் பல மொழி எழுத்துக்களாலும் விளைந்த குழப்பத்தை நீக்குவதற்காகத்தான்.

வீடு மாறாமலே விலாசம் மாறியவர்களும் நம்மிடையே உளர். செங்கோட்டையில் ஒரே வீட்டில் பிறந்து முதுமையெய்திய ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் பிறந்தபோது அவ்வூர் திருவாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1இல் சென்னை ராஜ்யத்தின் திருநெல்வேலி ஜில்லாவில் சேர்ந்தது. 1986க்குப் பின் சில ஆண்டுகள் நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். பிறகு மீண்டும் திருநெல்வேலி. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டம். அவர் திண்ணையை விட்டு எழாமலே இத்தனை விலாசங்களைக் கடந்துவிட்டார். எனினும் மாவட்டம் மாறியும் பின்கோட்டின் முதல் மூன்று இலக்கங்களான 627 மாறவில்லை; ஆதலால் 'திருநெல்வேலி மாவட்டம்' என்றெழுதிய கடிதமும் வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கின்றது. இந்த ஒரு வகையில் மட்டும், சங்கப் பதிவேடுகளைத் திருத்தாத சோம்பல் தீங்கு விளைக்கவில்லை.

செங்கோட்டையைச் சொன்னதும் இன்னொன்று நினைவிற்கு வருகின்றது. திருவாங்கூருக்குத் தனித் தபால் ஏற்பாடு இருந்தது. அதன் பெயரே 'அஞ்சல்'. மணி கட்டிய கோலேந்தி ஓடும் அஞ்சலோட்டக்காரர்கள் பைகளைச் சுமந்து சென்றனர். 1888 முதல் சங்கு பொறித்த தலைகள் வழங்கின. அத்தலையை ஒட்டிய கடிதம் சமஸ்தானத்திற்குள் செல்லுபடியாகுமேயன்றி, ஐந்து மைல் கிழக்கேயுள்ள தென்காசிக்கு ஆங்கில அரசின் தபால்தான் வழி. 1951இல் அஞ்சல் இந்தியத் தபால் இலாகாவோடு இணைந்தது. அந்தப் பெயரோ அழியவில்லை. இன்று தமிழ்நாடு முழுவதும் தபாலாபீசை அஞ்சல் நிலையம் என்கின்றோம். இரண்டு தபால் அரசுகளின் எல்லையில் வாழ்ந்த நம் முன்னோர், விலாசத்தில் ஓரெழுத்து பிசகினாலும் கடிதம் எங்கே போகும் என்பதை அறிந்திருந்தனர்.

பிற நாடுகளில் இந்த ஏற்பாட்டை மக்கள் வெகுவாகப் பயன்படுத்துகின்றனர். அமெரிக்காவில் வீடு மாறுவோர் அறிவித்தால் முதல்தரக் கடிதங்களைப் பன்னிரண்டு மாதம் வரையில் தனிக்கட்டணமின்றிப் புதிய வீட்டிற்கு அனுப்புகின்றனர். இங்கிலாந்தில் கட்டணம் செலுத்தி மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்கள் எனக் காலம் தெரிந்துகொள்ளலாம். எந்த நாட்டிலும் இது முடிவில்லாத ஏற்பாடன்று. அக்காலத்திற்குள் தமக்கு எழுதுவோர் அனைவருக்கும் புதிய விலாசத்தைத் தெரிவித்துவிட வேண்டும் என்பதே கருத்து. மறுவிலாசம் ஆற்றைக் கடக்கும் தோணி போன்றது. தோணியிலேயே குடித்தனம் நடத்த முடியாது. எனவே தபாலாபீசுக்கு எழுதும் அதே நாளில் சங்கத்திற்கும் ஒரு கடிதம் எழுதி, அங்கத்தினர் எண்ணைக் குறித்து, பதிவேட்டில் மாற்றம் செய்ததற்கு எழுத்து மூலம் ஒப்புதல் பெற வேண்டும். வேறு சங்கத்தில் கடனோ ஜாமீனோ இருப்பின் அங்கும் எழுத வேண்டும். ஜாமீன் நிற்பவர்கள் இதனை மறந்துவிடுகின்றனர். கடன் வாங்கியவனுக்குக் கடன் நினைவிருக்கும். ஜாமீன்தாருக்குக் கையெழுத்திட்ட நாளே மறந்துபோகும்.

இதுகாறும் அங்கத்தினர் கடமையைப் பேசினேன். சங்கத்தின் கடமை அதனினும் பெரிது என்பது என் துணிபு. 1912ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 15ஆம் பிரிவிலேயே, ஒவ்வொரு சங்கமும் பதிவு செய்த விலாசம் ஒன்றை வைத்திருக்க வேண்டும், அது மாறுந்தோறும் ரிஜிஸ்திராருக்கு அறிவிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அரசாங்கக் கடிதம் தவறக்கூடாது என்பதில் அன்று முதல் அவ்வளவு கருத்து. சங்கத்தை உண்டாக்கிய அங்கத்தினனுக்குச் செல்லும் கடிதம் தவறினால் மட்டும், 'திரும்பி வந்தது. கட்டில் சேர்க்க' என்று குறிப்பெழுதி முடித்துவிடலாமா? தனியார் வட்டிக்கடைக்காரர் அவ்வாறு செய்தால் நாம் வியப்பதில்லை. பக்கத்துத் தெருவிலுள்ளவரே டைரக்டராகவும் காரியதரிசியாகவும் இருக்கும் நிறுவனம் அதனைச் செய்யலாகாது. அப்பெரியவர் கேட்ட கேள்விக்குச் சட்டத்தில் விடையுண்டு; கூட்டுறவில் விடையில்லை.

நகைக்கடனில் இது இன்னும் கூர்மையாகின்றது. வங்கிகளுக்காக ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாதம் வெளியிட்ட நெறிமுறைகளில், கடன்காரரையோ அவர் வாரிசுகளையோ முயன்றும் கண்டுபிடிக்க இயலாவிடில், பொது அறிவிப்பு வெளியிட்டு ஒரு மாதம் காத்திருந்த பின்னரே அடகுப் பொருளை ஏலம் விடலாம் என்று கூறப்பட்டுள்ளது. தொடக்க வேளாண்மைச் சங்கங்கள் ரிசர்வ் வங்கியின் நேர் ஆட்சிக்கு உட்பட்டவையல்ல. ஆயினும் வங்கி காட்டும் பொறுமையை, அங்கத்தினருக்கே உரிமையான சங்கம் காட்டாதிருப்பது நாணத்தக்கது. தாலியை அடகு வைத்து நாற்று நட்டவள் தெரு மாறிப் போனாள் என்பதற்காக, அவள் அறியாமலே அத்தாலி ஏலத்திற்கு வருவதை நான் ஒப்பமாட்டேன்.

ஆள் பற்றாக்குறையைக் காட்டிச் சிலர் மறுப்புரைப்பர். 'ஓர் எழுத்தரை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான அங்கத்தினரை எப்படித் தேடுவது?' என்பர். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. சங்க ஊழியர் படும் பாட்டை நான் நேரில் அறிவேன். ஆனால் தேட வேண்டியது ஆயிரம் பேரையன்று. ஓராண்டில் திரும்பி வரும் உறைகளை மட்டும் எண்ணிப் பார்த்தால், நடுத்தரமான சங்கமொன்றில் அத்தொகை கைக்கு அடங்கியதாகவே இருக்கும். திரும்பிய கடிதம் ஒவ்வொன்றையும் தனியேட்டில் பதிந்து, பதினைந்து நாட்களுக்குள் அந்தத் தெருவைச் சேர்ந்த டைரக்டரிடமோ, ஜாமீன்தாரிடமோ, நியமனதாரரிடமோ விசாரித்து, கிடைத்த விடையை எதிரில் எழுத வேண்டும். தொலைபேசி எண் பதிவாகியிருந்தால் ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? விசாரணையின் முடிவை எழுதாத எந்தக் கோப்பும் 90ஆம் பிரிவு வழக்கிற்கோ ஏலத்திற்கோ செல்லலாகாது என்று நிர்வாகசபை ஒரு தீர்மானம் செய்துவிட்டால், அலமாரியின் அடித்தட்டு தானாகவே காலியாகும். உறைமேல் அனுப்புநர் பெயரும் விலாசமும் இல்லாமற் கடிதம் அனுப்பும் சங்கங்களும் சில உள்ளன. உரியவரைக் காண இயலாத அத்தகைய கடிதம், பிரித்துப் பார்த்துத் திருப்பும் தபால் அலுவலகத்திற்குச் சுற்றிக்கொண்டு போகும். சங்கத்திற்குச் செய்தி எட்டும்போது காலம் கடந்திருக்கும். ரப்பர் முத்திரை ஒன்று செய்ய என்ன செலவாகிவிடும்?

அங்கத்தினர் பதிவேட்டில் இப்போது விலாசத்திற்கென்று ஒரே பத்திதான் இருக்கின்றது. பழையதை அடித்து அதன் தலைமேல் புதியதை எழுதுவதால் ஒன்றும் படிக்க முடிவதில்லை. அடுத்த பதிவேடு தைக்கும்போது விலாசம், மாறிய தேதி, புதிய விலாசம், பின்கோடு, தகவல் தர வேண்டிய உறவினர் பெயர் என்று பத்திகளை அமைக்கலாம். கணினியில் ஏற்றிய சங்கங்களிலும் பழைய விலாசத்தை அழித்துவிடாமல் வைத்திருப்பது அவசியம். எந்தத் தேதியில் எந்த விலாசத்திற்கு நோட்டீஸ் சென்றது என்னும் வினா வழக்கில் எழும்.

வரப்போகும் பொதுமகாசபையில், திரும்பி வந்த கடிதங்களின் எண்ணிக்கையையும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கையையும் ஆண்டறிக்கையில் ஒரு வரியாகவேனும் சேர்க்குமாறு அங்கத்தினர்கள் கேட்கலாம். பொருள் நிரலில் இடம்பெற வேண்டுமாயின், அதனை எழுத்து மூலமாகக் கூட்டத் தேதிக்கு முன்னரே காரியதரிசியிடம் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும். அக்கடிதத்தின் மேற்புறத்தில் தங்கள் இப்போதைய விலாசத்தைப் பின்கோடுடன் எழுத மறவாதீர்கள்.